ஒம் மார்க்கு எவ்வளவு? இரண்டு சினிமாவும் ஒரு பொய்யும்

1993, மழைக்காலத்துக்கு முந்திய ஒரு நாள். ஹாஸ்டல் அறையில் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்வதற்குள் அறைக்காரன் கேட்டுவிட்டான்.

'பிளஸ் டூல எவ்ளோ?'

பேர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. நான் வாய் கூசாமல் சொன்னேன்: 'ஆயிரத்தி எட்டு.'

என் மார்க்கு 868. நூற்றி நாற்பது மார்க்கை அந்த ஒரு நொடியில் நானே எனக்குப் போட்டுக்கொண்டேன். முப்பது வருஷத்துக்கு மேலாக இதை யாரிடமும் சொன்னதில்லை. இயக்கக் கூட்டங்களில் 'தகுதி என்பது பார்ப்பனியக் கட்டமைப்பு' என்று மேசை தட்டிப் பேசியிருக்கிறேன். அப்போதும் இதைச் சொன்னதில்லை. இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லூரி சேர்க்கையில் மார்க்கு எவ்வளவு முக்கியம் என்று பேச ஆரம்பித்தால், இந்தப் பொய்யைத் தாண்டி எனக்கு எழுத்து ஓடவில்லை.

எங்கள் இலத்தூர்ப் பக்கம் சாதியைத் தெரிந்துகொள்ள பெரிய சாமர்த்தியம் வேண்டாம். செங்கோட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் 'எந்த ஊரு?' என்பார். ஊரைச் சொன்னால் 'ஊர்ல எங்கன?' என்பார். குளத்துக்கு அந்தப் பக்கமா, கோயிலுக்கு இந்தப் பக்கமா என்று தெரிந்துவிட்டால் போதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிடுவார். கல்லூரியில் அப்படிக் கேட்கமாட்டார்கள். படித்தவர்கள். மார்க்கைக் கேட்பார்கள். 868 என்றால் இந்தக் கல்லூரியில் இந்தத் துறை கிடைக்காதே என்று மனசுக்குள் ஒரு கழித்தல் நடக்கும். அந்தக் கழித்தலுக்கு விடை என் தெரு.

அதனால்தான் ஆயிரத்தி எட்டு.

*

அந்த வருஷம் வந்த ஒரு சினிமாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஷங்கர் இயக்கிய 'ஜென்டில்மேன்', 1993 ஜூலை 30இல் வெளியானது. எங்கள் பக்கம் சாரல் அடிக்கிற காலம்தான் அட்மிஷன் காலமும். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் வந்துகொண்டிருப்பார்கள், நாங்கள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்போம். எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று கார்டு வந்து, கல்லூரி எப்போது திறக்கும் என்று காத்திருந்த நாட்களில் தென்காசியில் அந்தப் படத்தைப் பார்த்தேன். எங்கள் தெருப் பையன்கள் ஆறேழு பேர். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே ஊர் வந்தோம்.

கதை தெரிந்ததுதான். அப்பளத் தொழில் நடத்துகிற சாதுவான கிச்சா, ராத்திரியில் கொள்ளைக்காரன். ஏன் கொள்ளையடிக்கிறான் என்பதற்குப் பின்கதை. நன்றாகப் படித்து நல்ல மார்க்கு எடுத்த இரண்டு ஏழைப் பையன்களுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. லஞ்சம் கேட்கிறார்கள். நண்பன் உயிரை விடுகிறான். கிச்சா, காசில்லாமல் படிக்கிற ஒரு கல்லூரியைக் கட்டுவதற்காகத் திருடனாகிறான்.

நண்பன் சாகிற இடத்தில் நான் அழுதேன். சும்மா கண் கலங்கவில்லை, ஏங்கி ஏங்கி அழுதேன். பக்கத்தில் இருந்தவனும் அழுதான். எஸ்.சி. கோட்டாவில் இடம் வாங்கிவிட்டு, மார்க்கு எடுத்தும் இடம் கிடைக்காதவனுக்காக அழுதுகொண்டு வெளியே வந்தேன். வழியெல்லாம், எவனோ ஒரு கிச்சாவின் இடத்தை நான் பிடுங்கிக்கொண்டேனோ என்று மனசுக்குள் அரித்தது. ஒரு சினிமா ஒரு தலித் பையனை அவனுக்கு எதிராகவே அழவைக்க முடியும் என்பதற்கு நானே சாட்சி.

படம் இடஒதுக்கீட்டைத் திட்டுகிறதா என்று கேட்டால், வெளிப்படையாகத் திட்டுவது லஞ்சத்தைத்தான். ஆனால் ஒரு பிரதி தான் வந்து விழுகிற காலத்தோடு சேர்த்துத்தான் வாசிக்கப்படும். 1992 நவம்பர் 16இல் மண்டல் வழக்கின் தீர்ப்பு வந்து, இடஒதுக்கீடு ஐம்பது சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டின் 69 சதவீதம் என்ன ஆகும் என்று தெரியாமல் தெருவெல்லாம் ஒரே பேச்சு. அது 1994இல் தனிச் சட்டமாகி, அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணைக்குள் போய்த்தான் மூச்சு வந்தது. இந்த இடைவெளியில் 'மார்க்கு எடுத்தவனுக்கு இடமில்லை' என்று வெள்ளித்திரை அழுதால், அது யாருடைய அழுகை? அப்போதே பலர் இதை இடஒதுக்கீட்டுக்கு எதிரான படம் என்றார்கள். நான் அன்றைக்கு அவர்களோடு இல்லை. டிக்கெட் வாங்கி அழுகிறவர்களோடு இருந்தேன்.

இன்றைக்கு யோசித்தால் எனக்குப் பெரிதாகத் தெரிவது, படம் எதைக் காட்டாமல் விட்டது என்பதுதான். அதே 1993 பிப்ரவரியில் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியார் தொழிற்கல்லூரிகளின் இடங்களை இரண்டாகப் பிரித்தது. பாதி இலவச இடம், பாதி கட்டண இடம். கேப்பிடேஷன் வாங்கினால் குற்றம் என்று தமிழ்நாட்டில் 1992லேயே சட்டம் வந்தாயிற்று. ஆக, மேசைக்கு அடியில் கொடுத்ததை மேசைக்கு மேலே கொடுக்கலாம் என்று ஓர் ஏற்பாடு. குறைந்த மார்க்கு, கூடுதல் பணம், முறையான ரசீது. மார்க்கின் கற்பைப் பற்றி உண்மையிலேயே கவலை இருந்தால் காமிராவை அந்த ரசீதின் பக்கம் திருப்பியிருக்க வேண்டும். படத்தின் வில்லனோ அரசியல்வாதி. அரசியல்வாதி என்றால் ஓட்டு, ஓட்டு என்றால் கும்பல், கும்பல் என்றால் நாம். கல்லூரி முதலாளி கதைக்குள் வரவே இல்லை. கதாநாயகனின் கனவே கல்லூரி கட்டுவதாக இருக்கிறபோது அவர் எப்படி வில்லனாக வருவார்?

*

இரண்டாவது படம் கொஞ்சம் முந்தியது. ஜோதிபாண்டியன் இயக்கிய 'ஒரே ஒரு கிராமத்திலே'. ஹாஸ்டல் நாட்களில் வீடியோ கேசட்டில் பார்த்தேன். பார்ப்பனப் பெண் காயத்ரி. அவளுக்கு 'கருப்பாயி' என்று பொய்ச் சாதிச் சான்றிதழ் வாங்குகிறார்கள். அதை வைத்து அவள் ஐ.ஏ.எஸ். ஆகிறாள். வெள்ளம் வந்த கிராமத்துக்கு அதிகாரியாக வந்து நன்றாக உழைக்கிறாள். உண்மை வெளிப்பட்டதும் விசாரணை. அந்தக் கிராமமே அவள் பக்கம் நிற்கிறது. பிறப்பைப் பார்க்காதே, வறுமையைப் பார், திறமையைப் பார் என்று படம் பேசுகிறது. இதன் தணிக்கைச் சான்றிதழை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989 மார்ச் 30இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, படத்துக்குச் சுதந்திரம் கொடுத்தது. கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேசுகிறபோது இன்றும் எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு அது. எனக்கும் அந்தத் தீர்ப்போடு சண்டை இல்லை. ஒரு படத்தைத் தடுத்து நாம் எதையும் சாதிக்கப்போவதில்லை. நம் புத்தகத்துக்கும் பாட்டுக்கும் நாளைக்கு அதே கத்தரிக்கோல் வரும். படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. சமூகப் பிரச்சினையைப் பேசியதற்காக!

எனக்கு உறைத்தது வேறு. காயத்ரி சாதியை மாற்றிப் பொய் சொன்னாள், நான் மார்க்கை மாற்றிப் பொய் சொன்னேன். அவள் பொய்யில் ஒரு பதவி கிடைத்தது. என் பொய்யில் ஒன்றும் கிடைக்கவில்லை, இடம் ஏற்கெனவே சட்டப்படி என்னுடையது. பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவன் என்னை மனுசனாகப் பார்க்கவேண்டும் என்பதற்காகச் சொன்ன பொய். அவள் பொய் சொல்லும்போது வீணை வாசிக்கிறது, ஊர் உருகுகிறது. எங்கள் மாதிரிப் பொய்யர்களுக்குப் பின்னணி இசை கிடையாது.

இன்னொன்று. காயத்ரி 'கருப்பாயி' என்ற பேரை எடுத்துக்கொள்கிறாள், கருப்பாயியின் தெருவை எடுத்துக்கொள்ளவில்லை. சான்றிதழ்க் காகிதத்தில் இருக்கிற சாதிதான் சாதி, அதுவும் ஒரு சலுகைச் சீட்டு என்றே படம் நினைக்கிறது. உண்மையான கருப்பாயி ஒருத்தி அந்தக் கிராமத்தில் இருந்திருப்பாளே, அவள் எத்தனாவது வகுப்பில் நின்றாள், ஏன் நின்றாள்? அதைக் கேட்பதற்கு அந்தப் படத்தில் யாருமில்லை.

*

மார்க்கு புனிதம் என்கிற பேச்சு இந்தப் படங்களில் தொடங்கியது இல்லை. குடியரசு பிறந்த உடனே நீதிமன்றப் படி ஏறிய முதல் சண்டைகளில் அதுவும் ஒன்று. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை இருந்தது. பதினான்கு இடம் என்றால், பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, அரிசனர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் - இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்துப் போனவர்கள் இரண்டு பேர். செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்காகப் போனார். அவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது வழக்கிலேயே வந்த விஷயம். விசாரித்துப் பார்த்தேன், கிடைக்காது என்று தெரிந்தது, அதனால் போடவில்லை என்றார். நீதிமன்றமும் கேட்டுக்கொண்டது. இன்னொருவர் ஸ்ரீனிவாசன், பொறியியலுக்கு. 450க்கு 369 மார்க்கு. நூற்றுக்கு 82. இத்தனை மார்க்குக்கு இடமில்லையா என்று நாடே பதறியது. 1951 ஏப்ரல் 9இல் அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு கொதித்தது. ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, 15(4) சேர்ந்தது.

அந்தத் திருத்தம் வந்தபோது சட்ட அமைச்சராக இருந்தவரின் மார்க்கையும் பார்த்துவிடலாம். 1907இல் பம்பாயில் மெட்ரிகுலேஷன் தேறிய பீமராவ் வாங்கியது 750க்கு 282. நூற்றுக்கு 38ஐத் தொடவில்லை. மகர் சாதியில் ஒரு பையன் தேறியதே பெரிய செய்தி என்று பாராட்டுக் கூட்டம் போட்டார்கள். பிறகு பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா, அப்புறம் லண்டன் பொருளாதாரப் பள்ளி, கிரேஸ் இன். 282ஐ மட்டும் வைத்து ஒரு கட்-ஆஃப் கோடு கிழித்திருந்தால் அந்த ஆள் எங்கே நின்றிருப்பார்? கொலம்பியா வாசலுக்கு ஏறத்தாழ எட்டாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம், ஏதாவது ஒரு ராணுவக் குடியிருப்பில். நம் வீடுகளில் படமாக மாட்டி வைத்திருக்கிறோம், பிள்ளைகளிடம் 'அவர மாதிரி படி' என்கிறோம். அவர் மார்க்கை எந்தப் பிள்ளைக்காவது சொல்லியிருக்கிறோமா? நான் சொன்னதில்லை. தலைவர் குறைவாக எடுத்தார் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்திருக்கிறது.

சரி, மார்க்குதான் நியாயமான அளவுகோல் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் நாம் அந்த அளவை எட்டிப் பிடிக்கிற போதெல்லாம் அளவுகோலை ஏன் மாற்றுகிறார்கள்?

அமெரிக்காவிலிருந்து ஒரு கதை. ஹார்வர்டில் ஒரு காலத்தில் பரீட்சை எழுதித் தேறினால் இடம். 1920களில் யூதப் பிள்ளைகள் நன்றாகப் படித்து, ஐந்தில் ஒரு பங்குக்கு மேலே வந்துவிட்டார்கள். அப்போது தலைவராக இருந்த லோவெல் என்பவருக்குத் தூக்கம் போயிற்று. முதலில் வெளிப்படையாகவே ஒரு வரம்பு வைக்கப் பார்த்தார், எதிர்ப்பு வந்தது. பிறகு மார்க்கு மட்டும் போதாது, 'குணநலன்' பார்க்க வேண்டும், எந்த ஊர் என்று பார்க்க வேண்டும், போட்டோ ஒட்ட வேண்டும் என்று விதி வந்தது. யூதர்களின் எண்ணிக்கை இறங்கியது. இன்னும் அந்த வீட்டில் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்கு, நன்கொடையாளர்களின் பிள்ளைகளுக்குத் தனி வாசல் உண்டு. நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்குகளை ஆராய்ந்தவர்கள், அங்கே சேர்ந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் விளையாட்டு வீரர், பழைய மாணவர் வாரிசு, ஆசிரியர் பிள்ளை, கல்லூரித் தலைமை விரும்புகிறவர் என்ற வகைகளில் ஏதோ ஒன்றில் வந்தவர்கள் என்றார்கள். 2023 ஜூன் 29இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கறுப்பின மாணவர்களுக்கு உதவிய ஏற்பாட்டை மூடியது. வாரிசு வாசலுக்கு அந்தத் தீர்ப்பில் பூட்டு இல்லை.

நம் ஊரில் இது தலைகீழாகவும் நடக்கும், நேராகவும் நடக்கும். 1960களின் கடைசியில் இங்கே மருத்துவக் கல்லூரிக்கு நேர்முகத் தேர்வு. அதற்கு மட்டும் 75 மார்க்கு. பெரியகருப்பன் வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றமே அந்த நேர்முகத் தேர்வைக் குறை சொன்னது. எதிரே உட்கார்ந்திருக்கிறவர் முகத்தைப் பார்த்து, அப்பன் பேரைப் பார்த்து, போடுகிற மார்க்கு. 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மார்க்கு 200க்கு, நுழைவுத் தேர்வு 100க்கு. பிளஸ் டூவை ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே முட்டி மோதி எடுத்துவிடலாம், அந்த நூறுக்கு டவுனில் கோச்சிங் வேண்டும். எங்களுக்கு அதற்கு டவுன் என்றால் திருநெல்வேலி. போக வரச் சார்ஜ் கொடுத்தால் வீட்டில் அன்றைக்கு உலை வைக்க முடியாது. நான் ஒரு பழைய கைடை வைத்துக்கொண்டு எழுதினேன். 2006இல் சட்டம் போட்டு நுழைவுத் தேர்வை ஒழித்தார்கள். பத்து வருஷம் கிராமத்துப் பிள்ளைகள் பிளஸ் டூ மார்க்கை வைத்தே உள்ளே போனார்கள். அந்தப் பத்து வருஷத்தில் 'மார்க்கு மார்க்கு' என்று அழுதவர்கள் திடீரென்று 'மனப்பாட மார்க்கு' என்று சொல்ல ஆரம்பித்ததைக் கவனித்தீர்களா?

பிறகு நீட். குழுமூர் அனிதாவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், 1200க்கு 1176, மருத்துவக் கட்-ஆஃப் 200க்கு 196.75. கிச்சாவின் நண்பன் படத்தில் செத்தான் என்றால் இவள் நிஜமாகச் செத்தாள், 2017 செப்டம்பர் 1. டில்லி வரைக்கும் போய் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்ட பிள்ளை. மார்க்கு எடுத்தவனுக்கு இடமில்லையே என்று 1993இல் தியேட்டரில் அழுத மேல்சாதிக் கண்கள் அன்றைக்கு எங்கே போயின? '720க்கு 86தானே எடுத்தாள்' என்று கணக்குச் சொன்னவர்கள் என் காது கேட்கவே சொன்னார்கள். 1176ஐ ஒரே நாளில் செல்லாக் காசாக்கிவிட்டு 86ஐ மட்டும் மார்க்காக வைத்துக்கொண்டார்கள். இதுதான் நான் சொல்ல வருவது. எது மார்க்கு என்று தீர்மானிக்கிற கை யாருடையது என்பதுதான் விஷயம். நம் பிள்ளை எவ்வளவு எடுத்தாள் என்பது அதற்குப் பிறகு.

நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையைத் தோழர்கள் படிக்க வேண்டும். 2020-21இல் இங்கே மருத்துவம் சேர்ந்தவர்களில் 71 சதவீதத்துக்கு மேல் ஒரு தடவைக்கு மேல் நீட் எழுதியவர்கள். அதாவது ஒரு வருஷம், இரண்டு வருஷம் சம்பாத்தியம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து படிக்க வசதி உள்ளவர்கள். எங்கள் தெருவில் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரு வருஷம் சும்மா இருந்தால் கல்யாணம் பேசுவார்கள், இல்லையென்றால் திருப்பூர் பஸ் ஏற்றுவார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் என்று 2020இல் சட்டம் வந்த பிறகுதான் நானூறு பேருக்காவது அந்தக் கதவு திறந்தது.

இவ்வளவு கறாரான தகுதி இன்னொரு பக்கம் எப்படி நெகிழ்கிறது பாருங்கள். 2023 செப்டம்பரில் மருத்துவ மேற்படிப்புக்கான நீட் தகுதிக் கோட்டை எல்லாப் பிரிவுக்கும் பூஜ்ஜியம் பெர்சன்டைல் ஆக்கினார்கள். பரீட்சை எழுதியிருந்தாலே தகுதி. இடங்கள் காலியாகக் கிடக்கிறதாம். தனியார் கல்லூரி இடம் காலியாகக் கிடந்தால் பூஜ்ஜியம் போதும், அனிதா நிற்கிற வரிசையில் 1176 போதாது. இதை நான் இட்டுக்கட்டவில்லை. அரசாங்க அறிவிப்பு.

டில்லியில் இன்னொரு மாதிரி. 2016இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு விதி, ஆராய்ச்சிப் படிப்புக்கு எழுத்துத் தேர்வை வெறும் தகுதிக் கோடாக்கி, இடத்தை முழுக்க நேர்முகத்தின் கையில் கொடுத்தது. ஜே.என்.யூ.வின் நஃபே குழு, எழுத்தில் வாங்குகிற மார்க்குக்கும் நேர்முகத்தில் போடுகிற மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தில் பாகுபாட்டின் சாயல் இருக்கிறது என்று சொல்லியிருந்த நேரம் அது. பேப்பரில் சாதி தெரியாது, முகத்தில் தெரியும். சேலத்துப் பையன் முத்துக்கிருஷ்ணன் இதை எழுதிவிட்டு 2017 மார்ச்சில் போய்ச் சேர்ந்தான்.

*

என் 868க்கு வருகிறேன். அது யாருடைய மார்க்கு என்று ஒரு கணக்கு எனக்கு உண்டு.

எங்கள் வீட்டில் அம்மாவும் அக்காவும் பீடி சுற்றினார்கள். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் அதுதான் சோறு. முறத்தை மடியில் வைத்து, இலை நறுக்கி, தூள் வைத்து, சுற்றி, மடக்கி, நூல் கட்ட வேண்டும். ஆயிரம் பீடி சுற்றினால் ஒரு நாள் கூலி. எங்களுக்கு ஒரே ஒரு பல்பு. அதை என் புத்தகத்துக்கு மேலே தொங்கவிட்டு, மிச்ச வெளிச்சத்தில் அவர்கள் சுற்றுவார்கள். கணக்கு வாத்தியார் பாடமே நடத்தாத ஒரு வருஷத்தில் நானே சூத்திரங்களை உருப்போட்டுக்கொண்டிருப்பேன். அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். நான் தூங்கி விழுந்தால் முறத்தைத் தட்டி எழுப்புவாள். 'ஏல, முழிச்சுக்க. நாளைக்கு ஐந்நூறு கொறைஞ்சா கடைக்காரன் ஏசுவான், ஒனக்கு மார்க்கு கொறைஞ்சா யாரு ஏசுவா?' என்பாள். கழிவு என்று கடைக்காரர் ஒதுக்குகிற பீடிக்குக் கூலி கிடையாது. இலை, தூள் எல்லாம் நம் தலையில். அந்தக் கழிவுக் கணக்குத்தான் எனக்கு எந்தக் கட்-ஆஃபைப் பார்த்தாலும் ஞாபகம் வரும். அக்கா என்னைவிடக் கணக்கில் கெட்டி. அவளுக்கு மார்க் ஷீட்டே இல்லை. என் 868இல் எத்தனை அவளுடையது என்று எந்தப் பல்கலைக்கழகம் சொல்லும்?

பொய் ஆறு மாதம் தாங்கியது. ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் இரண்டையும் நகல் எடுத்துக் கட்டில்மேல் வைத்திருந்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் அறைக்காரன் கையில் அது இருக்கிறது. சண்டை போடுவான் என்று நினைத்தேன். அவன் ரொம்ப நல்ல பையன். காகிதத்தை அப்படியே வைத்துவிட்டு, 'பரவால்லப்பா. உங்களுக்குக் கட்-ஆஃப் வேறதான, எனக்குத் தெரியும். ஏதாவது புரியலேன்னா கேளு' என்றான்.

'உங்களுக்கு.' அந்தச் சொல்லோடு நான் நாலு வருஷம் அதே அறையில் படுத்து எழுந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, எங்கிருந்து தைரியம் வந்ததோ, 'ஒனக்கு எவ்வளவு?' என்று கேட்டேன். 'எழுநூத்தி நாப்பத்திரெண்டு. நான் பேமென்ட் சீட்டு. அப்பா கட்டுனாரு' என்றான். சொல்லும்போது தலைவாரிக்கொண்டிருந்தான். குரலில் ஒரு நடுக்கம் இல்லை, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. என்னைவிட 126 குறைவு. அவனிடம் ஒருத்தரும் கேட்டதில்லை, அவனுக்கும் மறைக்கத் தோன்றியதில்லை. எனக்குப் பாடம் சொல்லித்தருவதாக வேறு சொல்லிவிட்டான்! பிறகு மூன்றாம் செமஸ்டரில் அவனுக்குக் கணக்கில் அரியர் விழுந்தபோது நான்தான் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். அதை இங்கே எழுதுவதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருக்கிறது, மறைக்கவில்லை.

*

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா மகளுக்கு பிளஸ் டூ முடிவு வந்தது. இப்போது 600க்குத்தான் மொத்தம். 571. எங்கள் தெருவில் இதுவரை யாரும் எடுக்காத மார்க்கு. ஓப்பன் கோட்டாவிலேயே அவளுக்கு நல்ல கல்லூரி கிடைக்கும். அக்கா மதுநாதர் கோயில் பக்கம் வெளியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்து எனக்குப் போன் போட்டாள். அவளுக்குப் பேச்சு வரவில்லை. அன்றைக்கு ராத்திரியே பஸ் ஏறி இலத்தூர் வந்தேன்.

பிள்ளையைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு, மார்க் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். பார்த்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி: 'கெமிஸ்ட்ரியில எப்படிமா எட்டு போச்சு?'

பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டு முடித்து எச்சிக் கை காய உட்கார்ந்திருந்தபோதுதான் கேட்டாள்.

'மாமா, நீங்க மார்க்க பத்தி கட்டுரை எழுதிட்டிருக்கீங்கன்னு அம்மா சொன்னா. மார்க்கு முக்கியமில்லேன்னா எழுதுறீங்க?'

'அப்படி இல்லம்மா, அது வந்து...'

'சரி, உங்க மார்க்கு எவ்வளவு மாமா? எங்ககிட்ட நீங்க சொன்னதே இல்லையே.'

அக்கா முறத்திலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், அன்றைக்குக் கார்டை எழுத்துக்கூட்டி வாசித்தவளே அவள்தான். எண்ணூத்தி அறுபத்தெட்டு என்று சொன்னேன். பிள்ளை ஆயிரத்தி இருநூறுக்கா, அறுநூறுக்கா என்று கேட்டுவிட்டு, மனசுக்குள் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டே கை கழுவ எழுந்து போனாள்.